கலியாணச் செலவை யார் கொடுக்கிறார்கள்?

எமது ஆலய ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பரிபாலன சபையினர் கேட்டபோது, வழக்கம் போல விநாயகர் தத்துவம் பற்றியோ திருநீற்றின் மகிமை பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். அவை பற்றி என்னிலும் கற்றவர்கள் இம்மலரில் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். நான் எழுத நேர்ந்த விடயம் வேறு. ஒரு சதுர்த்தி நாளன்று பூசை முடிந்து, பிரசாதத்துடன் வெளிமண்டபத்தில் அமர்ந்திருந்தேன். முன்னர் என்னிடம் படித்த ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தச்சுத் தொழில் செய்பவர். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்.

“சேர், கடன்படாம, குப்பை போடாம ஒரு கலியாணம் செய்யலாமோ? அப்பிடிச் செய்தா ஊர் என்ன சொல்லும்?”

குப்பைக் கதை எப்படி வந்தது என்று கேட்டேன். “குப்பை மகள்ட பிடிவாதம் சேர். கடன் என்ட பயம்” என்றார்.

செய்யலாம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதே. ஒரு கலியாணத்தைத் தவறாகவும் மற்றொன்றை ஓரளவு சரியாகவும் செய்தவன் நான். இரண்டையும் மறைக்காமல் எழுதுவதே அவருக்கான மறுமொழி என்று நினைக்கிறேன்.

எமது கிழக்குக் கரையில் பெண்ணைப் பெற்றவருக்குக் கலியாணம் என்பது ஒரு நாள் செலவு அல்ல என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் இதே வழக்குத்தான். தாய்வழிக் குடி முறையும் அப்படியே. அக்கரைப்பற்றிலே தங்கியிருந்து ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 ஆம் ஆண்டு வெளியிட்ட பெரிய நூலில் இதனை விரிவாக எழுதியிருக்கிறார். மகள் பிறந்த நாள் தொட்டு தகப்பன் கல்லும் சீமெந்தும் சேர்க்கத் தொடங்குகிறான். வீடு கட்டி முடியும்போது அவனிடம் மிச்சம் எதுவும் இருப்பதில்லை. அந்த வெறுங்கையோடுதான் கலியாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டப் போகிறான். ஆகவே எமது பகுதியில் ஆடம்பரக் கலியாணம் பணம் மிஞ்சியவனின் வேடிக்கை அல்ல. பெரும்பாலும் அது வட்டிக்கு வாங்கிய கௌரவம்.

2010 ஆம் ஆண்டு எனது மூத்த மகளின் கலியாணத்தை நான் அப்படித்தான் செய்தேன். யுத்தம் முடிந்து ஒரு வருடம். எல்லாரும் மூச்சு விட்டு, கொண்டாட விரும்பிய காலம். மண்டபம், மணவறை, பிளாஸ்டிக் பூ அலங்காரம், வீடியோ, அல்பம், ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் ஒரு சிறிய தண்ணீர்ப் போத்தல், அறுநூறு பேருக்குச் சாப்பாடு. அந்த ஒரு நாளுக்கு மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் போயிற்று. அதிலே பாதி கடன். கட்டி முடிக்க நான்கு வருடம் சென்றது. அந்த நான்கு வருடமும் இரண்டாவது மகளின் வீட்டுச் சுவர் ஒரு கல் கூட உயரவில்லை. மூத்தவள் இன்று அந்த அல்பத்தை எடுத்துப் பார்ப்பதேயில்லை. கைத்தொலைபேசியில் யாரோ எடுத்த நான்கு படங்களைத்தான் பார்க்கிறாள்.

அடுத்த நாட் காலை மண்டபத்துக் கணக்கை முடிக்கப் போனபோது கண்ட காட்சி பற்றியும் சொல்ல வேண்டும். பின்பக்கத்தில் லஞ்ச் சீற்றும் சோறும் கறியும் போத்தலும் பிளாஸ்டிக் பூவும் ஒன்றாகக் குழைந்து ஒரு மேடாகக் கிடந்தன. குப்பை அள்ள வந்த இரண்டு தொழிலாளர்கள் கையுறை இல்லாமல் அதை வாரி உழவு இயந்திரப் பெட்டியில் போட்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, “பெரிய கலியாணம் போல” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் மகிழ்ந்தேன். அந்தப் பெட்டி எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அது எங்கே போயிருக்கும் என்பதை 2022 ஆம் ஆண்டு தை மாதத்தில்தான் நான் பத்திரிகையில் கண்டேன். எமது அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு உலகச் செய்தியாகியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2008 இல் அமைந்த குப்பைக் களம் அது. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. மீள்சுழற்சி நடக்கவில்லை. யானை வராமல் தடுத்த மின்வேலி 2014 இல் இடி விழுந்து பழுதாகியது. எவரும் திருத்தவில்லை. எட்டு வருட காலத்தில் ஏறத்தாழ இருபது யானைகள் அங்கே செத்துப்போயின. வெட்டிப் பார்த்த மிருக வைத்தியர் வயிற்றினுள்ளே கண்டது பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும் தண்ணீரும்தான். யானை வழமையாக உண்ணும் இலை, குழை எதுவுமில்லை.

யானை பொலித்தீனை ஏன் தின்கிறது? அதற்குப் பொலித்தீனில் ஆசையில்லை. அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோற்றிலும் கறியிலும் உப்பிலும்தான் ஆசை. நாம் மிச்சம் விட்டு, மடித்து எறிந்த விருந்தை அது உறையோடு சேர்த்து விழுங்குகிறது. குடல் அடைபடுகிறது. பிறகு அது எதையும் தின்ன முடியாமல், வயிறு நிறைந்தபடியே பட்டினியால் சாகிறது. அன்னதானம் என்று நாம் சொல்லும் அதே சோறு, அதே இலையில் இல்லாமல் லஞ்ச் சீற்றில் இருந்ததனால் நஞ்சாகிறது.

அடியார்களே, கலியாணத்தில் முதலில் நாம் என்ன செய்கிறோம்? மஞ்சளிலே பிள்ளையார் பிடிக்கிறோம். அறுகம்புல் சாத்துகிறோம். விக்கினம் வராமல் காக்கும்படி யானைமுகனை வேண்டுகிறோம். எனது மகளின் கலியாணமும் அப்படித்தான் தொடங்கியது. அது முடிந்த இடம் எதுவென்று மேலே சொன்னேன்.

எனது வீட்டு லஞ்ச் சீற்றுத்தான் இன்ன யானையைக் கொன்றது என எவரும் நிரூபிக்க முடியாது. கொல்லவில்லை என்று நான் சத்தியம் செய்யவும் முடியாது. 2010 இல் எறிந்த பொலித்தீன் 2014 இல் உக்கியிருக்காது என்பது மட்டும் நிச்சயம். இந்த இடத்தில்தான் ஒரு தருமக் கேள்வி எழுகிறது. நான் நினைக்காத, காணாத, எனது பெயர் எழுதப்படாத ஒரு கேட்டுக்கு நான் பொறுப்பாளியா?

சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே மனுநீதிச் சோழனின் கதையைச் சொல்வது எதற்காக என்று நான் பல முறை யோசித்ததுண்டு. திருவாரூர் வீதியில் அரசகுமாரன் பரிவாரத்தோடு தேரில் போகிறான். அதுவும் ஓர் ஊர்வலம், அதுவும் ஒரு கொண்டாட்டம். கன்று ஒன்று துள்ளி வந்து சக்கரத்துக்குள் அகப்பட்டு இறக்கிறது. அவன் கொல்ல நினைக்கவில்லை. கன்று வந்ததைக் காணவுமில்லை. அமைச்சர்களும் அதைத்தான் சொன்னார்கள். மறையவர் விதித்த பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றார்கள். அரசன் ஏற்கவில்லை. கன்றை இழந்த பசுவின் துயரம் பிராயச்சித்தச் சடங்கினால் தீருமா என்பதே அவனது கேள்வி. அறியாமற் செய்தோம் என்பது செய்தவனுக்கு ஆறுதல். இழந்த உயிருக்கு அது ஒன்றும் செய்வதில்லை.

அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டதை நாம் பின்பற்ற முடியாது. இறைவன் தோன்றி எல்லாரையும் எழுப்பிய முடிவும் எமக்கு வாய்க்கப் போவதில்லை. ஆனால் அந்தக் கதையில் ஒரு சிறு விடயம் இருக்கிறது. பசு அடிப்பதற்கு அரண்மனை வாசலில் ஒரு மணி தொங்கியது. பள்ளக்காட்டு யானைக்கு எந்த மணியும் இல்லை. அது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து முறையிடாது. ஆகவே மணி அடிக்காமலே கேட்க வேண்டியவர்களாக நாம் இருக்கிறோம்.

யானை மட்டும் இந்தச் செலவைக் கொடுக்கவில்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பத்திரண்டு பேர் மாண்டார்கள். அந்த வருடம் செப்டெம்பர் மாதம் அரசாங்கம் பொலித்தீன் லஞ்ச் சீற்றையும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியையும் தடை செய்தது. சமய, கலாசார வைபவங்களில் பொலித்தீன் அலங்காரம் கட்டுவதும் அதே தடைக்குள் வந்தது. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒரு தடவை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சு குழாய், இடியப்பத் தட்டு முதலியவற்றையும் பிளாஸ்டிக் மாலையையும் சட்டம் தடுத்தது. அதாவது இன்று நான் 2010 இல் செய்த கலியாணத்தை அப்படியே செய்தால் அது குற்றம். ஆனாலும் எமது பகுதிக் கலியாணங்களுக்குப் போய் வருபவர்களுக்கு உண்மை நிலை தெரியும். சட்டம் வர்த்தமானியில் இருக்கிறது, லஞ்ச் சீற் மேசையில் இருக்கிறது. இப்போது ‘உக்கக் கூடியது’ என்று அச்சிட்டு வருகிறது. அவ்வாறானவற்றிற் பல, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பம் காக்கும் உரத் தொழிற்சாலையிலேதான் ஒழுங்காக உக்கும். பள்ளக்காட்டு மேட்டிலோ கடற்கரை மணலிலோ அல்ல. அச்சிட்ட சொல்லை நம்பி மனச்சாட்சியைத் தூங்க வைப்பது சுலபம்.

இனி, கலியாணம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். எமது முறையில் கலியாணத்துக்குச் சாட்சி யார்? அக்கினி. தாரை வார்க்கும் தண்ணீர். மிதிக்கும் அம்மி. வானத்து அருந்ததி. பதிவாளரின் கையெழுத்தெல்லாம் பிற்காலத்தில் வந்தது. நிலமும் நீரும் நெருப்பும் வானும் அறிய இந்தப் பெண்ணை ஏற்கிறேன் என்று மாப்பிள்ளை சொல்கிறார். சாட்சிக்கு அழைத்தவரை விருந்து முடிந்ததும் அவமதித்து அனுப்புபவர் உண்டோ? தண்ணீரைச் சாட்சி வைத்துவிட்டு மறுநாள் அந்தத் தண்ணீரில் போத்தலையும், நெருப்பைச் சாட்சி வைத்துவிட்டு அந்த நெருப்பில் பொலித்தீனையும் போடுகிறோம். கடற்கரையில் குப்பையைக் கொளுத்தும்போது எழும் கரும்புகை வேள்விப் புகையல்ல. அதில் நச்சு வாயு இருக்கிறது.

சடங்கை மட்டும் எடுத்துப் பாருங்கள். அதில் குப்பை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கன்னிக்காலுக்கு முள்முருக்கங் கிளை. நட்டால் துளிர்த்து மரமாகும். முளைப்பாலிகையில் நவதானியம். முளைத்ததை நீர்நிலையிலே விட்டால் மீன் தின்னும். வாசலில் வாழை, நிறைகுடம், மாவிலை, குருத்தோலைத் தோரணம். பந்தலுக்குக் கிடுகு. பந்தல் பிரித்தால் கிடுகு அடுப்புக்கும் வேலிக்கும் போகும். வைகாசியில் காரைதீவு, தம்பிலுவில் முதலான ஊர்களிலே கண்ணகை அம்மன் சடங்கின்போது கல்யாணக்கால் நாட்டுகிறோமே, அம்மனுடைய கலியாணத்துக்கே ஒரு மரக்காலும் பூவும் மஞ்சளும் வேப்பிலையும் போதுமாயிருக்கின்றன. குப்பை முழுவதும் சடங்குக்கு வெளியே, ஊரின் கண்ணுக்காக நாம் சேர்த்தவற்றிலிருந்து வருகிறது. கடனும் அங்கிருந்துதான் வருகிறது. என்னிடம் வந்த தகப்பன் இரண்டு கேள்வி கேட்டதாக நினைத்தார். உண்மையில் அவர் கேட்டது ஒன்றுதான்.

சுவாமி விபுலாநந்தர் 1892 இல் பிறந்தது எமக்கு அருகே காரைதீவில். இறைவனுக்கு உவந்த மலர் எதுவென்று கேட்டு அவர் பாடிய பாட்டு இங்குள்ள பிள்ளைகள் எல்லாருக்கும் பாடம். வெளியே பூக்கும் பூக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி விலக்கி, அடியவரின் உள்ளமே அந்த மலர் என்று முடிப்பார். பிளாஸ்டிக் பூவை அவர் விலக்கக் கூட இல்லை. அப்படி ஒன்றை இறைவன் முன்னே வைப்போம் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

மிகக் குறைந்த செலவில் நடந்த கலியாணம் ஒன்றை நான் கண்டிருக்கிறேன். 2004 மார்கழி 26 ஆம் திகதி கடல் வந்தது. எமது மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின. அடுத்த வருடம், மக்கள் தங்கியிருந்த ஒரு பாடசாலையில், முன்பே நாட் குறித்திருந்த ஒரு சோடிக்குத் துடக்குக் கழிந்த பின் கலியாணம் செய்யலாம் என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் இரண்டு உயிர் போயிருந்தது. சேர்த்த நகையெல்லாம் கடலோடு போயிற்று. மஞ்சட் கயிற்றில் மஞ்சள் துண்டு கட்டித் தாலி. வகுப்பறை வாங்கில் மணவறை. வந்தவர்களுக்குத் தேநீரும் வாழைப்பழமும். ஒரு முஸ்லிம் குடும்பம் எங்கிருந்தோ ஒரு புதுச் சேலை கொண்டு வந்து கொடுத்தது. அன்று எல்லாரும் அழுதார்கள். ஆனால் சாப்பாடு சரியில்லை என்றோ மண்டபம் சிறிது என்றோ குறை சொன்னவர் எவருமில்லை. ஊர் என்ன சொல்லும் என்று நாம் பயப்படும் அந்த ஊர் அன்று அங்கேதான் இருந்தது.

வறுமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கலியாணத்தை அப்படிச் செய்ய எவரும் விரும்பியிருக்க மாட்டார்கள். தாலி எதனால் கனக்கிறது என்பதை மட்டும் அன்று கண்டேன்.

எளிமை என்ற பெயரிலும் அதருமம் நடக்கலாம். இதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை பாதிதான். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவினால் கலியாணத்துக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. (மஞ்சள் இறக்குமதியும் கட்டுப்படுத்தப்பட்டு, ஒரு கிலோ சில ஆயிரம் ரூபாவுக்கு ஏறிய காலம் அது. மஞ்சட் பிள்ளையாரே அந்த வருடம் சிறுத்துப்போனார்.) செலவு குறைந்தது, குப்பை குறைந்தது. நல்லதுதான். ஆனால் பட்டியலை வெட்டும்போது யார் பெயர் முதலில் வெட்டுப்பட்டது? கந்தோர் மேலதிகாரி வந்தார், வெளிநாட்டு உறவினருக்கு வீடியோவில் இடம் இருந்தது. கோயிலில் பறை அடிப்பவர், துணி வெளுப்பவர், வேலியடைக்க வரும் கிழவர், விதவையான ஒன்றுவிட்ட அக்கா, இவர்கள் வரவில்லை. கட்டுப்பாடு நீங்கிய பின்னும் சில வீடுகளில் அந்தப் பட்டியல் நீளவில்லை. கேட்டால் சுற்றாடல் என்கிறார்கள். ஏழையை வெட்டி யானையைக் காப்பாற்றுவது தருமம் ஆகாது. ஆட்களைக் குறைக்க வேண்டாம், பொருட்களைக் குறையுங்கள் என்பதே எனது நிலைப்பாடு.

இளையான்குடி மாற நாயனாரை நினைத்துப் பாருங்கள். மழை இரவில் அடியார் வந்து நிற்கிறார். வீட்டில் ஒன்றுமில்லை. பகலில் விதைத்த நெல்லை வயலில் போய் வாரி வந்தார். குடிலின் கூரைக் கழியை உருவி விறகாக்கினார். கொல்லையில் பிடுங்கிய கீரையே கறி. விருந்தைக் குறைக்கவில்லை. விருந்தாளியைத் திருப்பி அனுப்பவுமில்லை. அன்று அந்த வீட்டில் எறிவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

எனது இளைய மகளின் கலியாணம் 2023 ஆவணியில் நடந்தது. முதல் வருடம் உணவு விலை ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. மண்டபத்தை நினைக்கவே முடியாது. மகள்தான், “அப்பா, கோயில் மண்டபத்திலயே செய்வம். ஆனா ஒருத்தரையும் விடாமச் சொல்லுவம்” என்றாள். நானூறு பேர் வந்தார்கள். அழைப்பிதழ் அடிக்கவில்லை. பழைய முறையில் வெற்றிலை பாக்கோடு வீடு வீடாகப் போனோம். மூன்று கிழமை சென்றது, எனது முழங்கால் நொந்தது, ஆனால் வருடக் கணக்காகப் பேசாமலிருந்த இரண்டு வீட்டாரோடு பேச்சு வந்தது. அட்டைக்கு அந்தச் சக்தி இல்லை. கூறைச் சேலை தவிர மற்ற உடுப்புகளை மருதமுனைக் கைத்தறியில் எடுத்தோம். பக்கத்து ஊர்க்காரன் நெய்ததை விட்டு, கப்பலில் வருவதைத் தேடுவானேன்?

சாப்பாட்டு விடயம்தான் பெரும் பிரச்சினை. என்னோடு கற்பித்த மருதமுனை நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டு, “சேர், எங்கட ஆக்களப் போல சஹன்ல வைங்க. ஆறு பேருக்கு ஒரு தட்டு. லஞ்ச் சீற்றே தேவல்ல” என்றார். சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் அந்த வழக்கம் அழகானது. அங்கேயும் சிறிய போத்தல் தண்ணீர் வந்துவிட்டதென்று அவரே குறைப்பட்டார். எமது சனம் அதற்கு ஒருப்படாது. ஆகவே வாழையிலை. இலை போதாத பந்திக்குக் குளத்துத் தாமரையிலை. அதுவும் போதாதவர்களுக்கு ஆலயத்தில் முன்பு எவரோ உபயமாகக் கொடுத்துப் பெட்டியில் கிடந்த எவர்சில்வர்த் தட்டுகள். தண்ணீருக்கு மண்பானையும் செம்பும். என் சிறு வயதில் கோயில் கிடாரத்தை இரவல் வாங்காமல் இந்த ஊரில் ஒரு கலியாணமும் நடந்ததில்லை. அதைப் போய்ப் புதுமை என்று சிலர் பாராட்டினார்கள்.

தட்டை யார் கழுவுவது? சுற்றாடல் பற்றிப் பேசும் ஆண்கள் இந்தக் கேள்விக்கு வரும்போது கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். லஞ்ச் சீற் பெண்களுக்கு ஒரு விடுதலையாகத்தான் வந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடியும் அவர்களைக் கிணற்றடியில் குந்த வைத்தால், யானை கொடுத்த விலையைப் பெண் கொடுக்கிறாள், அவ்வளவுதான். எனது மனைவி இதை முன்கூட்டியே தெளிவாகச் சொன்னார். “தட்டுக் கழுவுறத்துக்கு ஆள் பாத்திட்டு மிச்சத்தப் பேசுங்க.” கூலிக்கு இருவரை அமர்த்தினோம். மாப்பிள்ளையும் அவருடைய கூட்டாளிகளும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட நின்றார்கள். தட்டின் மேல் இலைத் துண்டு ஒன்றை வைத்துப் பரிமாறினால் கழுவும் வேலை பாதியாகும் என்பதை இரண்டாம் பந்தியில்தான் கண்டுபிடித்தோம். இலைகளை மாட்டுக்காரர் ஏற்றிப் போனார். எல்லாம் முடிந்தபோது ஒரு சாக்குக் குப்பை கூட நிறையவில்லை.

தவறுகளும் நடந்தன. வந்தவர்களுக்கு மரக்கன்று கொடுத்தோம். நூறு வேப்பங் கன்றுகள். நூறும் கறுப்புப் பொலித்தீன் பைகளில்! மணமகளே அதைக் கண்டு தலையில் கை வைத்தாள். எத்தனை பேர் நட்டார்களோ, எனது தம்பி வீட்டுக் கன்று இன்னமும் பையோடுதான் காய்ந்து நிற்கிறது. சோற்றையும் அளவுக்கு மேல் போட்டுவிட்டோம். மிஞ்சியதைப் பொழுது படுமுன் பகிர்ந்து அனுப்ப ஓடிய ஓட்டம் எங்களுக்குத்தான் தெரியும். நாள் செலவு இரண்டே முக்கால் லட்சம். பதின்மூன்று வருடத்துக்கு முந்திய கலியாணத்திலும் குறைவு, அதுவும் அந்த விலைவாசியில். கடன் இல்லை.

ஊர் என்ன சொன்னது? சொல்லத்தான் செய்தது. “மாஸ்டருக்குப் பென்சன் காசு பத்தல்லயாம்” என்று ஒருவர் சொன்னதாக என் காதுக்கு வந்தது. இரண்டு நாள் மனம் சுட்டது. சம்பந்தி வீட்டிலும் ஒரு மாமிக்கு முகம் கொஞ்சம் வாடியிருந்தது. இதை என்னிடம் கேட்ட தகப்பனுக்கு நான் மறைக்கவில்லை. பேச்சு வரும், அதைத் தாங்க வேண்டும், நான்கு வருட வட்டியைத் தாங்கியதிலும் அது இலேசு என்றேன்.

அந்த முள்முருக்கங் கால் இப்போது எங்கள் வேலியோரத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. ஆலயத் தட்டுகளில் ஏழு எப்படியோ காணாமற் போயின. அவற்றுக்குப் பதிலாக இருபது வாங்கி வைத்தோம். பின்னர் வேறு இரண்டு குடும்பங்களும் உபயம் செய்ததில் இப்போது எண்ணிக்கை இருநூற்று நாற்பது. வருகிற ஆவணியில் தச்சுக்காரத் தம்பியின் மகளுக்குக் கலியாணம். கோயில் மண்டபம்தான். முந்நூற்றைம்பது பேருக்குச் சொல்கிறார், பறை அடிப்பவர் வீடும் அதில் உண்டு. தட்டுகள் போதாது. நூறு தட்டு இரவல் தரும்படி அயற் கிராமத்து ஆலயச் சபையினரிடம் கேட்டிருக்கிறோம். தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கழுவுவதற்கு இளைஞர் கழகத்தில் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் நான்கு பேர் வேண்டும்.